தோளின் மேல் நான்கு விரல்கள்

என் மேசைமேல் ஒரு மாதிரித் தாள் கிடக்கிறது. அதில் உங்கள் தோளின்மேல் என் விரல்கள் நான்கு மட்டும் இருக்கின்றன. மற்றபடி நான் இல்லை. நமக்குப் பின்னால் இருந்த கடலும் இல்லை.

இன்று உங்களுடைய முதலாம் ஆண்டு நினைவு நாள். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வாசலில் பந்தலைப் பிரிக்கும் ஓசை கேட்டுக்கொண்டிருக்கிறது. இந்தத் தாளைக் கிழித்தெறியத்தான் கையில் எடுத்தேன். நடந்ததை உங்களிடம் சொல்லிவிட்டுக் கிழிக்கலாம் என்று பிறகு தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

போன புதன்கிழமை காலை நம் மகன் கைபேசியை என்முன் நீட்டினான். வீட்டு வாசலிலும் கம்பெனி வாசலிலும் வைக்கப்போகும் நினைவு அஞ்சலி ஃப்ளெக்ஸின் மாதிரி அதில் இருந்தது. மேகக் கூட்டம், இரண்டு குத்துவிளக்குகள், பறக்கும் வெள்ளைப் புறாக்கள், நடுவில் நீங்கள். நாம் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தபோது கப்பலின் மேல்தளத்தில் எடுத்த படத்திலிருந்து உங்களை மட்டும் வெட்டியெடுத்திருந்தார்கள். உங்கள் படங்களிலேயே வாய்விட்டுச் சிரிக்கும் படம் அது ஒன்றுதான் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. சிரிப்பை எடுத்துக்கொண்டு மீதியை அழித்துவிட்டார்கள். நீங்கள் அணிந்திருந்த சிவப்புப் பனியனை வெள்ளையாக நிறம் மாற்றி, மேலே ஒரு காலரை ஒட்டியிருந்தார்கள். அந்த வெள்ளைத் தோளில் ஒட்டிக்கொண்டு, உடையவள் இல்லாத நான்கு விரல்கள்.

"ஓகேன்னா சொல்லுங்கம்மா. மத்தியானம் பிரிண்டுக்குப் போயிரும்."

"இந்த விரல்கள் யாருடையவை?"

அவன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். "அட, கவனிக்கலைங்கம்மா. எடுக்கச் சொல்லிர்றேன்."

"விரல்களை எடுக்க வேண்டாம். முழுப் படத்தையும் அச்சிடச் சொல். கடல், பனியன், நான், எல்லாம் இருக்க வேண்டும்."

கோபம் வந்தால் எனக்கு எழுத்துத் தமிழ் வந்துவிடும். "அம்மிணி செந்தமிழ்ல ஆரம்பிச்சா பல்லடம் பஸ்ஸே நின்னு கேட்டுட்டுப் போகும்" என்பீர்கள். மகனுக்கும் அது தெரியும். அவன் குரலைத் தாழ்த்தினான்.

"அத்தை சங்கடப்படுவாங்கம்மா. அந்தக் கப்பல் போட்டோ வெச்சா நான் வாசப்படி ஏற மாட்டேன்னு சொல்லிப்போட்டாங்க."

அவனைக் குறை சொல்லவில்லை. உங்கள் அக்கா, என் நங்கையா, உங்களைத் தூக்கி வளர்த்தவர். உங்களைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது ஊரே சுற்றி நின்றது. அப்போது அவர் என்னைப் பார்த்துக் கதறிய சொற்களை நீங்கள் கேட்டிருக்க முடியாது. "நோவாளியக் கொண்டுபோயி உப்புத்தண்ணியில ஊறப்போட்டு, என்ற தம்பியக் கொன்னுபோட்டாளே!" ஒருவரும் மறுத்துச் சொல்லவில்லை. அன்று முதல் நம் வீட்டில் கப்பல் என்ற சொல்லே இல்லாமல் போயிற்று. ஒறம்பரை, உறவுக்காரர்கள், வந்தால் உங்கள் கடைசி ஆண்டை, கோயமுத்தூர் மருத்துவமனைக்குப் போனார், வந்தார், போனார் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். நாம் ஒரு பெருங்கடலைக் கடந்தோம் என்பது நடக்காத ஒன்றாகிக்கொண்டிருந்தது. ஃப்ளெக்ஸில் கடலும் போய்விட்டால், அது நடக்கவே இல்லை என்று முடிவாகிவிடும்.

என்னிடம் பதில் இருந்தது, சொல்லவில்லை. பயணத்தை முதலில் மறுத்தவள் நான் என்று சொல்லியிருக்கலாம். கிளம்புவதற்கு முன் இதய மருத்துவரின் எதிரில் நாம் இருவரும் உட்கார்ந்து கேட்டோம் என்றும் சொல்லியிருக்கலாம். "ஊட்ல இருந்தாலும் கப்பல்ல இருந்தாலும் அதே இதயந்தாங்க. மாத்திரை தவறக் கூடாது, படி ஏறக் கூடாது" என்று அவர் சொன்னார். சொன்னால் நான் கூண்டில் ஏறி நின்று வாதாடியதாகிவிடும். அந்தக் கூண்டையே நான் ஏற்கவில்லை.

ஆசை என்னுடையதுதான். அதை எவர் முன்னிலையிலும் மறுக்க மாட்டேன்.

பெருமாநல்லூரில் வாடகைக் கொட்டகையில் நான்கு மெஷின்களோடு நாம் பனியன் தொழில் தொடங்கிய காலத்தில், அட்டைப் பெட்டிகளில் துறைமுகப் பெயர் எழுதும் வேலை என்னுடையது. எழுத்துகள் வெட்டிய தகரத்தைப் பெட்டிமேல் வைத்து, கறுப்பு மையைத் தூரிகையால் ஒற்றுவேன். பூப்பெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவள் நான். எனக்கு ஆங்கிலம் கற்றுத்தந்த பாடநூல் அந்தத் தகரங்கள்தாம். ஹாம்பர்க், ராட்டர்டாம், காடிஸ், லிஸ்பன். ஒவ்வொரு பெயருக்கும் நூலகத்துக்குப் போய், அந்த ஊர் எங்கே இருக்கிறது, அங்கே எந்தக் காலத்தில் எவர் கப்பல் கட்டினார்கள் என்று தேடிப் படித்தேன். இரவல் எடுத்த நிலப்பட நூலை நீங்கள்தான் மொபெட்டில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பீர்கள். "பெட்டி போகுது, நாம போகலையே" என்று ஒரு நாள் மை ஒற்றிக்கொண்டே சொன்னேன். நீங்கள் துணி எடை பார்த்துக்கொண்டிருந்தீர்கள். காதில் விழவில்லை என்றே நினைத்தேன்.

அது விழுந்திருந்தது. முதன்முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில், பல்லடத்தில் காரை ஓரங்கட்டச் சொல்லி இளநீர் குடித்தோம். நீங்கள் சீவிய காயைக் கையில் பிடித்தபடி கேட்டீர்கள்.

"அம்மிணி, பொட்டி மேல மை போட்டு எழுதுனியே, அந்த ஊருகளப் பாத்துட்டு வந்தறலாமா?"

"ஏனுங்க, புத்தி கெட்டுப்போச்சுங்களா?"

"புத்தி நல்லாத்தான் இருக்குது. கெட்டது நெஞ்சுதான்."

நான் மறுத்தேன். இரண்டு வாரங்கள் மறுத்தேன். அதற்குள் நீங்கள் எல்லாம் விசாரித்து முடித்திருந்தீர்கள். ஐரோப்பாவில் குளிர் தொடங்கும்போது சுற்றுலாக் கப்பல்கள் வெயில் தேடிக் கரீபியன் கடலுக்கு இடம்பெயருமாம். காலியாகப் போகக் கூடாது என்று அந்த ஒருவழிப் பயணத்துக்குக் கட்டணத்தைக் குறைத்துவிடுவார்களாம். தூத்துக்குடியில் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்பும் லாரியை நீங்கள் எப்படிப் பிடிப்பீர்களோ, அப்படியே இந்தக் கப்பலையும் பிடித்திருந்தீர்கள். "நாம ரெண்டு பேரும் ரிட்டன் லோடு அம்மிணி" என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தீர்கள். சரக்காகப் போவதில் உங்களுக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "படுக்கறதுக்கு ஊட்ல எடமில்லையா? தண்ணி மேல போயித்தான் படுக்கோணுமா?" என்று வாசலில் நின்று கேட்டார்.

"ஊட்ல இருக்கற கட்டலு, மெத்தை எல்லாம் அங்கயும் இருக்குதுக்கா. நம்மூட்ல இல்லாதது லிப்ட்டும் டாக்டரும். அதும் அங்க இருக்குது."

"வாய் மட்டும் கொறையல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் ஒரு டப்பா பருப்புப்பொடியை உங்கள் பையில் அவரே திணித்துவிட்டார். இதையும் நான் மறக்கவில்லை என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

பார்சிலோனாவில் ஏறினோம். அடுத்து வந்த காடிஸ் நகரம் கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே துறைமுகமாக இருந்தது. அங்கே கோட்டைச் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தீர்கள். நான் படித்ததையெல்லாம் சொல்லச் சொல்லிக் கேட்டீர்கள். லிஸ்பனில் ஆற்றங்கரைக் கோபுரத்தின் அருகில் நின்று, "மிளகு தேடி நம் மேற்குக் கரைக்கு வந்த கப்பல்கள் இந்த ஆற்றிலிருந்துதான் கிளம்பின" என்றேன். நீங்கள் நெடுநேரம் ஆற்றைப் பார்த்தீர்கள்.

"அட்வான்ஸ் கொடுத்து வாங்குனாங்களா, கொடுக்காமயேவா?"

"பெரும்பாலும் பீரங்கி கொடுத்துத்தானுங்க."

"அதான பாத்தேன். சரக்கு வாங்கற பையர்னாலே அப்படித்தான்."

அருகிலிருந்த நினைவுப்பொருள் கடைக்குள் நுழைந்தோம். நம் ஊர்க்காரர் துணிக்கடையில் நுழைந்தால் விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் துணியை உட்புறம் திருப்பித் தையலைப் பார்ப்பார். ஆயுள் முழுதும் அதே பழக்கம். பாய்மரக் கப்பல் படமும் ஊர்ப் பெயரும் அச்சிட்ட சிவப்புப் பனியன்கள் வரிசையாகத் தொங்கின. நீங்கள் ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டே போனீர்கள். கடைக்காரப் பெண் முதலில் வியப்போடும் பிறகு கவலையோடும் பார்த்தாள். ஒரு பனியனில் உங்கள் கை நின்றது. இடது தோளில் மெஷினில் போடும் ஓவர்லாக் தையல் ஓரிடத்தில் விட்டுப்போய், சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது.

உள்ளே இருந்த சிறு பட்டியில் இந்தியாவில் தயாரிக்கப்பட்டது என்று அச்சிட்டிருந்தது. உங்கள் முகம், கம்பெனியில் பையர் சோதனைக்கு வந்த நாளில் எப்படி மாறுமோ அப்படி மாறிற்று. கடைக்காரப் பெண் அந்த ஓட்டையைப் பார்த்துவிட்டு, விலையைக் குறைத்துத் தருகிறேன் என்றாள்.

"கொறைக்க வேண்டாம்னு சொல்லு அம்மிணி. முழு ரேட்டும் போடச் சொல்லு."

"ஓட்டையை விலை கொடுத்து வாங்குவீங்களா?"

"நம்மூர்ப் பீசு இப்படிக் கிழிஞ்சுட்டு இங்க தொங்கோணுமா? வர்றவன் போறவன் எல்லாம் பாக்கறதுக்கா?"

"இந்தியான்னுதானுங்க போட்டிருக்குது. பனியன் தைக்கற லூதியானாவா இருந்தா?"

"லூதியானாக்காரன் மானத்தையும் சேத்துக் காப்பாத்துனேன்னு வெச்சுக்க."

முழு விலையும் கொடுத்து, நல்ல பனியன்கள் அத்தனையும் தொங்கிக்கொண்டிருக்க, பழுதான ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே வந்த ஒரே பயணி நீங்களாகத்தான் இருப்பீர்கள். கப்பலுக்குத் திரும்பியதும் நான் ஊசியும் நூலும் எடுத்தேன். கையிலிருந்து பிடுங்கிவிட்டீர்கள். "ஓவர்லாக் தையல்ல கைத்தையல் போட்டா அது ஓட்டையை விட அசிங்கம். ஊருக்குப் போயி மிஷின்ல ஓட்டிக்கலாம்" என்று சொல்லிவிட்டு அந்த ஓட்டையோடே மாட்டிக்கொண்டீர்கள்.

ஃபுன்ஷால் துறைமுகத்தைத் தாண்டியபின் கரையே இல்லை. நாள் தவறாமல் தண்ணீர்தான். மேற்கே போகப் போகச் சில இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளச் சொல்லி அறிவிப்பு வரும். "வேலை வாங்காம ஒரு மணி நேரம் சேத்துக் கொடுக்கற மொதலாளிய இப்பத்தான் பாக்கறேன்" என்பீர்கள். காலையில் என் கையிலிருந்து மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வீர்கள். லிப்ட்டில் மேல்தளம் போய், பருப்புப்பொடி தூவிய சோற்றை உண்டு, நாற்காலியில் சாய்ந்து, நான் கப்பல் நூலகத்தில் எடுத்த நூலைத் தமிழாக்கிச் சொல்லக் கேட்பீர்கள். நம் திருமண வாழ்வில் பகல் பொழுது முழுவதும் நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அந்தக் கடல் நாள்களில்தான். அதற்கு முன் எப்போதும் ஏதோ ஒரு சரக்கு லாட்டுக்குக் கப்பலேற்றும் தேதி நெருங்கிக்கொண்டே இருந்தது.

அப்படி ஒரு முற்பகலில்தான் அந்தப் படம் எடுத்தது. தளத்தில் நடைபயின்றுகொண்டிருந்த ஸ்காட்லாந்து அம்மையார் ஒருவரை நிறுத்தினேன். ஏற்றுமதி ஆவணங்களில் நான் கற்ற ஆங்கிலம் அந்த ஆவணங்களின் நடையிலேயே வெளிவரும். "எங்கள் இருவரையும் தயவுகூர்ந்து ஒரு படம் எடுத்து உதவுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்" என்ற பொருளில் ஏதோ சொன்னேன். அவர் நேராக நிமிர்ந்து நின்று, சிரிக்காமல், அதே மரியாதையோடு கைபேசியை வாங்கிக்கொண்டார்.

நம் திருமணப் படத்தில்கூட நமக்கிடையே ஒரு சாண் இடைவெளி இருக்கிறது. பழக்கப்படி அன்றும் விட்டு நின்றேன். நீங்கள்தான் உதட்டை அசைக்காமல் சொன்னீர்கள்.

"அம்மிணி, இக்கட்டால, பக்கத்துல வந்து அந்த ஓட்டைய மறச்சுக்க. நம்மூர் மானம் போட்டோவுல தெரியக் கூடாது."

அருகில் வந்து, உங்கள் இடது தோளில், தையல் விட்ட இடத்தின்மேல் கையை வைத்தேன். மறைந்துவிட்டதா என்று நீங்கள் கழுத்தை வளைத்துச் சரிபார்த்ததில் எனக்குச் சிரிப்பு வந்தது. என் சிரிப்பைப் பார்த்து உங்களுக்கும் வந்தது. அந்த நொடியில் எடுத்த படம் அது.

பார்படோஸ் தீவில் கப்பல் பயணம் முடிந்தது. பிரிட்ஜ்டவுன் நகர அருங்காட்சியகத்தில் ஒரு பலகையைப் படித்து உங்களுக்குச் சொன்னேன். நம் கரையிலிருந்து எடுத்துப்போன பருத்தித் துணியை ஆப்பிரிக்கக் கரையில் கொடுத்து மனிதர்களை வாங்கி, இங்கே கரும்பு வெட்டக் கொண்டுவந்தார்கள் என்று அதில் எழுதியிருந்தது. நீங்கள் பலகையைத் திரும்பப் பார்த்தீர்கள்.

"ஒரு ஆளுக்கு எத்தன கெசம் துணின்னு போட்டிருக்குதா?"

"இல்லைங்க."

"போடாம விட்டதே மேல்."

வெளியே வெயிலில் வந்து நின்ற பிறகும் பனியனின் கீழ்விளிம்பை விரல்களால் உருட்டிக்கொண்டே இருந்தீர்கள். கொடியதைக்கூட அழிக்காமல் அந்த ஊரார் சுவரில் எழுதி மாட்டியிருந்தார்கள். நம் வீட்டு வாசலில் ஒரு சிரிப்பை மாட்டத்தான் இத்தனை வெட்டும் ஒட்டும் தேவைப்பட்டன.

சித்திரையில், நம் கூடத்தில், உங்கள் நாற்காலியில், மின்விசிறி சுழலச் சுழல நீங்கள் போனீர்கள். மருத்துவர் சொன்ன அதே இதயம்தான், வீட்டில் இருந்தபோது நின்றது.

புதன்கிழமைக்கு வருகிறேன். மகன் என் பேச்சுக்கு ஒப்புக்கொள்ளாமல் கம்பெனிக்குப் போய்விட்டான். மத்தியானம் அச்சுக்குப் போய்விடும் என்று சொன்னானே, அதனால் ஆட்டோ பிடித்து நானே ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். உங்கள் தங்கை முறையில் ஒருவர் தீபாவளிக்கு வைத்துக் கொடுத்த மாம்பழ நிறப் பட்டுப்புடவையை, உங்களுக்குப் பின் நான் தொடாத அந்தப் புடவையை, உடுத்திக்கொண்டு போனேன். வடிவமைப்பாளர் நடுவயதுக்காரர், கண்ணாடி அணிந்தவர். திரையில் நீங்கள் வெள்ளைச் சட்டையோடு மேகத்தில் மிதந்துகொண்டிருந்தீர்கள்.

"வாங்கம்மா, உக்காருங்க. விரலு விசயந்தானுங்களே? சார் போன்ல சொல்லிட்டாருங்க. ரெண்டே நிமிசம், எடுத்தறலாம்."

"விரலை எடுக்க வேண்டாம். அந்த விரலுக்கு உரிய ஆளைத் திரும்ப வையுங்கள்."

அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "அய்யோ, அது நீங்களுங்களா? மன்னிச்சுக்கங்கம்மா."

"மன்னிப்பெல்லாம் வேண்டாம். முழுப் படத்தையும் போடுங்கள்."

"டீ-சர்ட்டோட அஞ்சலி போட்டா எடுப்பா இருக்காதுங்கம்மா. வெள்ளைச் சட்டை பிடிக்கலீன்னா கோட்டு இருக்குதுங்க. போன வாரந்தான் ஒருத்தருக்குப் போட்டேன், அம்சமா இருந்துச்சு. நீலக் கலரு."

"அவர் ஆயுளில் கோட்டு போட்டதில்லை. இறந்தபின் இன்னொருவருடைய கோட்டை அவருக்கு மாட்ட வேண்டிய அவசியம் இல்லை."

அவர் சிரித்துவிட்டார். பிறகு குரலை இறக்கி, உண்மையான தயக்கத்தோடு சொன்னார். "அதில்லீங்கம்மா. நீங்க நல்லா இருக்கோணும். உசுரோட இருக்கறவங்களை அஞ்சலி போர்டுல பக்கத்துல போட்டா ஆகாதும்பாங்க. மால போடறப்ப உங்க மேலயும் விழுகுமுங்க. எங்கிட்ட இதுவரைக்கும் யாரும் இப்படிப் போட்டதில்லீங்க."

"நான் போடுகிறேன். விழட்டும்."

"சாரு ஒத்துக்குவாருங்களா?"

"அந்தப் படத்தில் இருப்பவர்கள் இரண்டு பேர். ஒருவரைக் கேட்க முடியாது. மற்றவர் உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்."

அவர் திரைப் பக்கம் திரும்பினார். மேகத்தை அகற்றினார். கடல் வந்தது. புறாக்களை அகற்றினார். நம் பின்னால் இருந்த வெள்ளைக் கைப்பிடிக் கம்பி வந்தது. உங்கள் பனியன் சிவந்தது. என் விரல்களைத் தொடர்ந்து மணிக்கட்டு, வளையல், முழங்கை, பிறகு நான். நான் அவ்வளவு உரக்கச் சிரித்திருக்கிறேன் என்பதை அன்றுதான் பார்த்தேன். "குத்துவெளக்கு மட்டும் இருக்கட்டுமுங்களாம்மா?" என்று கெஞ்சுவதுபோல் கேட்டார். அதை மட்டும் அனுமதித்தேன். கிளம்பும்போது, கழித்துப்போட இருந்த பழைய மாதிரித் தாளையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதுதான் இப்போது மேசைமேல் கிடப்பது.

மகன் அன்று மாலை வந்தபோது கடைக்காரர் அனுப்பிய படத்தை ஏற்கனவே பார்த்திருந்தான். கோபப்படுவான் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். "அப்பா கப்பல்ல இப்படியாம்மா சிரிச்சாரு?" என்று மட்டும் கேட்டான். "நாள் முழுதும்" என்றேன். பிறகு, "சரிங்கம்மா, அத்தைகிட்ட நான் பேசிக்கறேன்" என்றான். "வேண்டாம். அவர் வந்தால் நான் பேசிக்கொள்கிறேன்" என்றேன்.

இன்று காலை அவர் வந்தார். காரிலிருந்து இறங்கியவர் வாசலில் நின்ற ஃப்ளெக்ஸைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.  பந்தல் நாற்காலிகளில் இருந்தவர்கள் தட்டில் இருந்த காபியைக்கூட எடுக்காமல் எங்கள் இருவரையும் பார்த்தார்கள். ஓராண்டுக்கு முன் அவர் கதறியபோது சுற்றி நின்றவர்கள்தாம் அநேகமாக அத்தனை பேரும்.

"வேண்டாம்னு சொல்லியும் வெச்சுப்போட்டியா?"

"வெச்சுட்டேனுங்க நங்கையா."

"மால போட்டா உன்ற கழுத்துக்கும் சேத்துத்தான் விழுகும். தெரியுமா?"

"தெரியுமுங்க. அதனாலதான் பெரிய மாலையாக் கட்டச் சொல்லியிருக்கறேன்."

யாரோ ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார். அக்கா அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படத்துக்கு அருகில் போனார். உங்கள் முகத்தை நெடுநேரம் பார்த்தார். எனக்கு முதுகுதான் தெரிந்தது. திரும்பிப் போய்விடுவார் என்றே நினைத்தேன். போனாலும் படத்தை இறக்குவதில்லை என்று மனத்துக்குள் உறுதி செய்துகொண்டு நின்றேன்.

"பல்லு அத்தனையும் தெரியச் சிரிக்கறான்" என்றார் கடைசியில். குரலில் கடுமை குறையவில்லை. "சின்னதுல இப்படித்தான் சிரிப்பான். கம்பெனி போட்டதுக்கப்பறம் இப்படிச் சிரிச்சு நான் பாக்கல." பிறகு என் பக்கம் திரும்பினார். "அதென்ன, நாலு பேரு பாக்கத் தோள் மேல கையப் போட்டுட்டு? அந்த வயசுல?"

பதில் என் நாவில் இருந்தது. தையல் விட்டிருந்தது நங்கையா, ஊர் மானம் தெரியக் கூடாதென்று உங்கள் தம்பிதான் மறைக்கச் சொன்னார். இதைச் சொல்லியிருந்தால் பந்தல் முழுவதும் சிரித்திருக்கும், அக்காவும் சிரித்திருப்பார், எல்லாம் லேசாகியிருக்கும். அந்தச் சிவப்புப் பனியன் என் பீரோவில் இருக்கிறது. மிஷினில் ஓட்டிக்கலாம் என்று சொன்ன நீங்கள் ஓட்டாமலேயே போனீர்கள். நம் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின்கள் வரிசையாக ஓடுகின்றன, நானும் கொடுக்கவில்லை. உள்ளே போய் எடுத்துவந்து காட்டினால் ஒரு நொடியில் வழக்கு முடிந்துவிடும்.

காட்டவில்லை. "வெக்கோணும்னு தோணுச்சுங்க நங்கையா, வெச்சேன்" என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். மகன் மாலையைக் கொண்டுவந்து நீட்டினான். அவரே வாங்கினார். சம்பங்கி மாலை, நான் சொன்னபடியே பெரியது. உங்கள் பக்கம் மட்டும் விழும்படி ஓரமாகப் போட முயன்றார். ஆணி நடுவில் இருந்ததால் அது நம் இருவர் மேலும் விழுந்தது. சரிசெய்யக் கை நீட்டினார், பிறகு விட்டுவிட்டார். "வந்த காலோட நிக்காதீங்க, வந்து சாப்புடுங்க" என்று பந்தலைப் பார்த்து அதட்டிவிட்டு உள்ளே போனார். வாசப்படி ஏறித்தான் போனார்.

நான் பொய் சொல்லவில்லை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாக எழுதினேன். தையலை மறைக்கத்தான் கை வைத்தேன் என்பது பாதி உண்மை. மீதியை அக்காவிடமோ மகனிடமோ பந்தலில் இருந்தவர்களிடமோ நான் ஒப்படைக்கத் தேவையில்லை. உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

அந்த ஸ்காட்லாந்து அம்மையார் கைபேசியை என் மற்றக் கையில் கொடுத்துவிட்டுத் தம் நடையைத் தொடர்ந்தார். தளத்தில் வேறு எவரும் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். ஓட்டையைப் பார்க்க ஒருவரும் இல்லாத இடம் உலகில் உண்டென்றால் அது அதுதான். நீங்கள் கடலைப் பார்த்தபடியே சொன்னீர்கள்.

"எடுத்தாச்சு அம்மிணி."

"தெரியுமுங்க" என்றேன்.

கையை எடுக்கவில்லை. இந்தத் தாளையும் கிழிக்கப் போவதில்லை.